வானத்தில் இரண்டு விமானம், தரையில் இரண்டு கோப்பு

பழைய தாள்கள், படைவீரர் ஆவணங்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, விமானப்படையில் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக (விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிப்பவர்) 22 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற சேலையூர்க்காரர் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் பெரியப்பா இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானப்படையில் ஃபிட்டராகச் சேர்ந்தார். 1945-ல் இறந்துவிட்டார். “ஆகாயத்தில் இரண்டு ஏரோப்ளேன் மோதிப் பிள்ளை போய்விட்டான்” என்று பாட்டி சொல்லி அழுவார். உடல் வரவில்லை. எங்களிடம் இருப்பவை ஒரு தந்தியும் சீருடையில் ஒரு புகைப்படமும்தான். தந்தியில் தேதி இருந்த மூலையைப் பூச்சி அரித்துவிட்டது. ‘ராயல் இந்தியன்’ என்பதும் ‘ஏர்கிராஃப்ட் ஆக்ஸிடென்ட்’ என்பதும் மட்டும் தெளிவாகத் தெரிகின்றன. தாத்தா பெரம்பூர் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர்; அவரும் இதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. அந்த விபத்து எங்கே, எப்படி நடந்தது என்று இத்தனை காலம் கழித்துக் கண்டுபிடிக்க முடியுமா?
— வாசகி, பெரம்பூர்

பதில்: அம்மா, வழி இருக்கிறது. நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ‘ராயல் இந்தியன்’ என்ற இரண்டு சொற்களே கொஞ்சம் வேலையை முடித்துவிட்டன. இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8-ல் தொடங்கியபோது அதற்கு ‘ராயல்’ பட்டம் கிடையாது. போரில் ஆற்றிய பணிக்காக 1945 மார்ச்சில்தான் அது வந்தது. 1950 ஜனவரி 26-ல் நாடு குடியரசானபோது போயிற்று. ஆகவே வீட்டில் சொல்லப்படும் 1945 சரியென்றால், தந்தி அந்த ஆண்டு மார்ச்சுக்கு முன்னால் வந்திருக்க முடியாது. பூச்சி தின்ற மூலையில் ஜனவரியும் பிப்ரவரியும் இருந்திருக்க வாய்ப்பில்லை.

அடுத்தது பாட்டியின் சொல். தமிழில் ‘மோதி’ என்பது மிகவும் தாராளமான சொல். மலையில் மோதினாலும் மோதல்தான், பனைமரத்தில் மோதினாலும் மோதல்தான். ஆங்கிலத்தில் விழுந்து நொறுங்கும் ‘கிராஷ்’ வேறு, ஒன்றோடொன்று மோதும் ‘கொலிஷன்’ வேறு. அன்றைக்கு அந்த ஆங்கிலத் தந்தியைப் பாட்டிக்குப் படித்துச் சொன்னவர் யார்? தபால்காரரா, பணிமனைக் குமாஸ்தா யாராவதா? அவர் வாசலில் நின்றபடி எப்படித் தமிழாக்கினாரோ, அதுவே எண்பது ஆண்டுகளாக உங்கள் வீட்டு வரலாறாக இருந்து வந்திருக்கலாம். போதாக்குறைக்கு ‘ஏர்கிராஃப்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒருமையும் பன்மையும் ஒன்றே. ஒரு விமானமா இரண்டா என்று தந்தியை எத்தனை முறை படித்தாலும் தெரியாது.

பாட்டியைச் சந்தேகிக்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். தந்தியில் இல்லாத ‘இரண்டு’ என்ற எண் அவருக்கு எங்கிருந்தோ வந்திருக்கிறது. இறந்தவரோடு வேலை பார்த்தவர் விடுமுறையில் வீடு தேடி வந்து, நடந்ததைச் சொல்லிவிட்டு ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டுப் போவது எங்கள் காலத்திலும் உண்டு. அப்படி யாராவது வந்தார்களா என்று வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். வந்திருந்தால் பாட்டி சொன்னதுதான் சாட்சி. இல்லையென்றால் அது தபால்காரரின் மொழிபெயர்ப்பு.

இப்போது எண்ணுக்கு வருகிறேன். நான் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிறது. வங்கிக் கணக்கு எண் நினைவில் நிற்பதில்லை. படை எண் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். உங்கள் பெரியப்பாவுக்கும் அப்படி ஓர் எண் இருந்தது. தந்தியில் பெயருக்கு முன்னால் இருக்கும் இலக்கங்கள் அதுவாகத்தான் இருக்கும். அதைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெயரை நம்பித் தேடினால் நொந்துபோவீர்கள். கிருஷ்ணசாமி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் ஐந்து விதமாக எழுதுவார்கள். அவற்றில் ‘கிஸ்ட்னசாமி’யும் உண்டு. அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி, சொந்தப் பெயரை இனிஷியலாகச் சுருக்கிவிட்ட குமாஸ்தாக்களும் உண்டு. எண்ணை அப்படித் திருக முடியாது.

முதலில் தட்ட வேண்டிய கதவு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல். இணையத்தில் இலவசமாகத் தேடலாம். 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை படைப் பணியில் இருந்தபோது இறந்தவர்களை அந்த ஆணையம் கணக்கில் கொள்கிறது. போர்முனையில் குண்டடிபட்டாரா, பயிற்சியில் விழுந்தாரா, மலேரியாவில் போனாரா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. ஆகவே போர் முடிந்த ஆகஸ்டுக்குப் பிறகு அவர் இறந்திருந்தாலும் பட்டியலில் இடம் உண்டு. பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, இந்திய விமானப்படை என்பதையும் 1945 என்பதையும் மட்டும் கொடுத்து, வரும் பெயர்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு மாலை நேரம் போதும். எரியூட்டப்பட்டவர்களுக்கும் உடல் கிடைக்காதவர்களுக்கும் கல்லறை இருக்காது. நினைவுச் சின்னத்தில் பெயர் இருக்கும். தெற்கு, கிழக்கு ஆசியாவின் வானத்திலும் கடலிலும் மறைந்த விமானப்படையினர் பலரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியில் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. பிரிக்கப்படாத இந்தியாவின் படையினர் 25,000-க்கும் மேற்பட்டோர் பெயரில் தில்லியில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. உடல் வரவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதால் இந்த இரண்டையும் முதலில் பாருங்கள்.

பெயர் கிடைத்தால் இறந்த தேதி கிடைக்கும். அங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். நீங்கள் நிற்காதீர்கள். அதே தேதியில் விமானப்படையில் வேறு யாரெல்லாம் இறந்தார்கள் என்று பாருங்கள். நடுவானில் மோதல் என்றால் விமானம் இரண்டு. இரண்டும் வெவ்வேறு படைப்பிரிவைச் சேர்ந்தவையாக இருக்கலாம். ஒன்று இந்தியப் படையுடையது, மற்றொன்று பிரிட்டிஷ் படையுடையது என்றும் இருக்கலாம். படைப்பிரிவு இரண்டென்றால் அலுவலகம் இரண்டு, குமாஸ்தா இரண்டு, கோப்பு இரண்டு. உங்கள் பக்கத்துத் தாள் கரையானுக்குப் போயிருக்கலாம். அந்தப் பக்கத்துத் தாள் எங்கோ ஓர் அலமாரியில் பத்திரமாக இருக்கும், உங்கள் பெரியப்பாவின் பெயர் இல்லாமல், ‘மற்றொரு விமானம்’ என்ற சொல்லோடு. நான் இதை எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வேன், வீட்டில் கேலிகூடச் செய்கிறார்கள்: எதிர் விமானத்தைத் தேடு.

இந்தக் காலத்திலேயே இது நடக்கிறது. 2023 ஜனவரி 28-ல் குவாலியரிலிருந்து பயிற்சிக்குக் கிளம்பிய ஒரு சுகோய்-30, ஒரு மிராஜ்-2000 இரண்டும் விபத்துக்குள்ளாயின. சிதறல்கள் மத்தியப் பிரதேசத்து மொரேனாவிலும் ராஜஸ்தானத்துப் பரத்பூரிலும் விழுந்தன. அன்று காலை தொலைக்காட்சியில் முதலில் தனித்தனி விபத்துகள் என்றே செய்தி ஓடியது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கைப்பேசியும் செயற்கைக்கோளும் உள்ள காலத்திலேயே இந்தக் கதி. 1945-ல் ஒரு மாவட்டத்தில் விழுந்ததும் அடுத்த மாவட்டத்தில் விழுந்ததும் இரண்டு பதிவேடுகளில் இரண்டு விபத்துகளாக உட்கார்ந்திருப்பதில் ஆச்சரியம் என்ன?

பிரிட்டிஷ் பக்கத்துத் தாள்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு படைப்பிரிவும் ‘ஃபார்ம் 540’ என்ற நாட்குறிப்பையும், எந்த விமானத்தில் யார் எப்போது பறந்தார்கள் என்று சொல்லும் ‘ஃபார்ம் 541’ என்ற தாளையும் வைத்திருந்தது. படைப்பிரிவுகளின் பதிவேடுகள் ‘ஏஐஆர் 27’ என்ற வரிசையிலும், விமானத் தளங்களின் பதிவேடுகள் ‘ஏஐஆர் 28’ என்ற வரிசையிலும் இருக்கின்றன. பலர் முதல் வரிசையோடு விட்டுவிடுவார்கள். தளத்தின் பதிவேட்டையும் பாருங்கள். மோதல் நடந்த இடத்துக்கு ஆம்புலன்ஸ் அனுப்பியது தளம்தான், படைப்பிரிவு அல்ல. விபத்து அட்டைகள் தனி. ‘ஃபார்ம் 1180’ என்று பெயர், லண்டன் ஹெண்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் விமான வகை வாரியாக இருக்கின்றன. எதிர் விமானம் அமெரிக்கர்களுடையது என்றால் அவர்களுடைய விபத்து அறிக்கைகள் அலபாமா மாநிலத்து மேக்ஸ்வெல் தளத்தில் இருக்கும் விமானப்படை வரலாற்று நிறுவனத்தில் கிடைக்கும்.

இந்தத் தாள்களைப் படிக்கும்போது கடிகாரத்தில் ஏமாறாதீர்கள். 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை இந்தியா முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். அப்போது நமக்கும் கிரீன்விச்சுக்கும் வித்தியாசம் ஐந்தரை மணி அல்ல, ஆறரை மணி. ஒரு பதிவேட்டில் உள்ளூர் நேரம் ஐந்தாம் தேதி அதிகாலை 4 என்று இருக்கும். இன்னொன்றில் கிரீன்விச் கணக்கில் நான்காம் தேதி இரவு 9.30 என்று இருக்கும். தேதியே மாறிவிடுகிறது பாருங்கள். இரண்டும் ஒரே நிமிடம். இது தெரியாமல் “தேதி ஒத்துவரவில்லை” என்று சரியான தாளையே ஒதுக்கி வைத்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் வேறு யாருமில்லை.

இன்னொரு சோதனை, இது ஃபிட்டருக்கு ஃபிட்டர் கேட்கிற கேள்வி. நாங்கள் தரையில் நிற்கிறவர்கள். உங்கள் பெரியப்பா ஆகாயத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்? ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் இரண்டிலும் ஒரே இருக்கை; விமானியைத் தவிர யாரும் ஏற முடியாது. ஆகவே ‘இரண்டு ஹரிக்கேன் மோதின’ என்று ஒரு தாள் கிடைத்தால் அது உங்களுடையது அல்ல, எவ்வளவு பொருத்தமாகத் தெரிந்தாலும். வெஞ்சன்ஸ், ஹார்வர்டு போன்ற இரண்டு இருக்கை விமானம் என்றால் பழுதுபார்த்த பிறகு வெள்ளோட்டத்துக்கு ஃபிட்டரையும் ஏற்றிக்கொள்வது உண்டு. “நீ முடுக்கிய போல்ட்டுதானே, நீயும் வா” என்று என்னையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதைவிட அதிக வாய்ப்புள்ளது டகோட்டா போன்ற சரக்கு விமானம். ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு மாற்றலாகிப் போகிறவர்கள் பெட்டி படுக்கையோடு அதில்தான் போவார்கள். டகோட்டா இந்தியப் படைப்பிரிவுக்கு 1946-ல்தான் வந்தது. ஆகவே 1945-ல் அவர் டகோட்டாவில் போயிருந்தால் அது பெரும்பாலும் பிரிட்டிஷ் விமானம். அவரைப் பற்றிய தாளும் இங்கே இல்லை, அங்கே.

விமானத்தின் எண் கிடைத்தால் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் புதிதாகச் சேர்ந்த காலம். பறப்பதற்கு முன் நாங்கள் கையெழுத்திட்டு, கடைசியில் விமானி கையெழுத்திடும் ‘ஃபார்ம் 700’ என்ற புத்தகத்தில் கடைசி இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டேன். சார்ஜென்ட் கத்தவில்லை. என்னை ஹேங்கருக்குக் கூட்டிக்கொண்டு போனார். இறக்கையைக் கழற்றிப் போட்டிருந்த ஒரு விமானத்தைக் காட்டி, “நீ எழுதியிருப்பது இதை. இதைத்தான் இப்போது ஒருவர் ஓட்டிக்கொண்டு போகப்போகிறார்” என்றார். இன்றைக்கும் எந்த எண்ணை எழுதினாலும் இரண்டு முறை விரல் வைத்துப் படிக்கிறேன்.

இந்தியப் பக்கத்துத் தாளுக்கு புதுதில்லி சுப்ரோட்டோ பார்க்கில் உள்ள விமானப்படை ஆவண அலுவலகத்துக்கு எழுதுங்கள். சாதாரணக் கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். இருபது ஆண்டுக்கு முந்தைய நிகழ்வு என்றால் மறுப்பதற்கு அவர்களுக்குச் சட்டத்தில் இருக்கும் காரணங்களும் குறைவு. ஆனால் “எங்கள் பெரியப்பாவின் விபத்து பற்றிய எல்லா விவரமும் தருக” என்று எழுதாதீர்கள். “இன்ன எண், இன்ன பெயர், இவருடைய பணிப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தின் நகல்” என்று கேளுங்கள். ஒரு தாளைக் கேட்டால் தேடுவார்கள். வரலாற்றைக் கேட்டால் கைவிரிப்பார்கள்.

உள்ளூர்ப் பத்திரிகைகளில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். போர்க் காலத் தணிக்கையில் இடம், படைப்பிரிவு, விமான வகை எதுவும் வராது. இருந்தாலும் கன்னிமாரா நூலகத்துக்கு ஒருநாள் போய்வாருங்கள். செய்திப் பக்கத்தை விட்டுவிட்டு, மரண அறிவிப்புப் பத்தியைப் பாருங்கள். தாத்தா ரயில்வேக்காரர் என்கிறீர்கள். அந்த வட்டாரத்தில் யாராவது ஓர் அறிவிப்புக் கொடுத்திருக்கக்கூடும்.

கடைசியாக ஒன்று. தந்தியின் முன்பக்கத்தை மட்டும் நகலெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். பின்பக்கத்தையும் பளிச்சென்ற வெயிலில், ஜன்னலோரம் சாய்த்து வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள். தபால் முத்திரையின் மை மறைந்தாலும் அழுத்திய தடம் சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். பூச்சி ஒரு மூலையைத்தான் தின்றிருக்கிறது.

கேள்வி: வானம் இவ்வளவு பெரிது. இரண்டு விமானங்கள் எப்படி ஐயா சரியாக ஒரே இடத்துக்கு வந்து மோதுகின்றன?
— கல்லூரி மாணவர், குரோம்பேட்டை

பதில்: வானம் பெரிதுதான், தம்பி. ஆனால் ராணுவ விமானங்கள் வானம் முழுவதும் பரவிப் பறப்பதில்லை. வேண்டுமென்றே பக்கத்தில் பக்கத்தில் பறக்கின்றன. அணிவகுப்பு, சண்டைப் பயிற்சி, வானிலேயே எரிபொருள் நிரப்புவது, ஓடுபாதைக்கு மேல் வரிசையில் சுற்றுவது, எல்லாமே நெருக்கத்தில் நடக்கும் வேலைகள். உங்கள் ஊருக்கு அடுத்த தாம்பரத்தில் 1954 முதல் விமானப் பயிற்றுநர் பள்ளி இருக்கிறது. கற்றுக்கொடுக்கப் போகிறவர்களே அங்கே கற்றுக்கொள்கிறார்கள். பயிற்சி நாள் காலையில் மொட்டைமாடியில் நின்று பார்த்தால் தெரியும், வானம் அப்படியொன்றும் காலியாக இல்லை.

இன்னொரு காரணம் கண். ஜி.எஸ்.டி. சாலையில் பக்கவாட்டுத் தெருவிலிருந்து ஒரு லாரி வருகிறது. நீங்கள் பைக்கில் போகப் போக லாரி உங்கள் பார்வையில் பின்னால் நகர்ந்தால் நீங்கள் முந்திப் போய்விடுவீர்கள். முன்னால் நகர்ந்தால் லாரி முந்திப் போய்விடும். நகராமல் அதே இடத்தில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தால்? மோதப் போகிறீர்கள். விமானத்திலும் இதே கணக்குத்தான். மோதும் பாதையில் வருகிற விமானம் கண்ணாடியில் அசையாத புள்ளியாக நிற்கும். அசைகிற பொருளைத்தான் நம் கண் சட்டென்று பிடிக்கும். அசையாததை அழுக்கு என்று விட்டுவிடும். கடைசிச் சில நொடிகளில்தான் அது திடீரென்று வீங்கிப் பெரிதாகும். அதனால்தான் கண்ணாடி துடைக்கிற பையனை நாங்கள் மரியாதையாக நடத்துவோம்.

காற்றும் ஏமாற்றும். 1966 ஜூன் 8-ல் கலிபோர்னியாவில் ஐந்து விமானங்கள் ஒரு புகைப்படத்துக்காக நெருங்கிப் பறந்தன. எக்ஸ்பி-70 வால்கிரி என்ற ராட்சத விமானத்தின் இறக்கை நுனியில் சுழன்ற காற்று, பக்கத்தில் வந்த எஃப்-104 விமானத்தைக் கவிழ்த்து வால்கிரியின் மேலேயே போட்டது. ஜோ வாக்கர் என்ற கைதேர்ந்த சோதனை விமானியும் வால்கிரியின் துணை விமானி கார்ல் கிராஸும் இறந்தார்கள். படம் எடுக்கப் போன காரியம். படங்கள் நன்றாகத்தான் வந்தன.

கேள்வி: எங்கள் தாத்தா சிறுவயதில் இரண்டு விமானங்கள் மோதியதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்வார். அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாமா?
— வாசகர், பல்லாவரம்

பதில்: எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு கேள்வி கேட்டுவிட்டு. சத்தம் கேட்டு நிமிர்ந்தாரா, ஏற்கெனவே மேலே பார்த்துக்கொண்டிருந்தாரா? சத்தம் ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று நொடி ஆகும். பத்தாயிரம் அடி உயரத்தில் மோதினால் அந்த இடிச்சத்தம் தரைக்கு வர ஒன்பது நொடி. சத்தம் கேட்டு நிமிர்ந்தவர் பார்த்தது மோதலை அல்ல, அதற்குப் பிறகு நடந்ததை. புகையையும் விழும் துண்டுகளையும் பார்த்துவிட்டு மனம் மோதலைத் தானே வரைந்துகொள்ளும். தாத்தா பொய் சொல்லவில்லை. மனம் அப்படித்தான்.

ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தவர் என்றால் அவர் சொல் தங்கம். 1966 ஜனவரி 17-ல் ஸ்பெயினில் பலோமரெஸ் ஊருக்கு மேல், வானில் எரிபொருள் நிரப்பும்போது அமெரிக்கர்களின் பி-52 குண்டுவீச்சு விமானமும் கேசி-135 எரிபொருள் விமானமும் மோதின. ஏழு பேர் இறந்தார்கள். பி-52-ல் நான்கு ஹைட்ரஜன் குண்டுகள் இருந்தன. மூன்று தரையில் கிடைத்தன, ஒன்று கடலில் போயிற்று. அமெரிக்கக் கடற்படை கப்பல்களையும் கணிதமேதைகளையும் கொண்டுவந்தது. பிரான்சிஸ்கோ சிமோ என்ற உள்ளூர் மீனவரோ, பாராசூட் விழுந்த இடத்தை நான் பார்த்தேன் என்று கடலில் விரல் நீட்டிக் காட்டினார். கரையில் உள்ள அடையாளங்களை வைத்துக் கடலில் இடம் குறிப்பது நம் காசிமேட்டுக்காரர்களுக்கும் கைவந்த வித்தைதான். கடைசியில் அவர் சொன்ன பகுதியில்தான் கிடைத்தது. ஏப்ரல் 7-ல் வெளியே எடுத்தார்கள், எண்பது நாள் கழித்து.

நம் கடலில் அப்படிக் காட்ட ஒருவர் இல்லாமல் போனதும் உண்டு. மோதல் அல்ல, ஆனாலும் தாம்பரத்துக்காரனாக இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2016 ஜூலை 22-ல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேரோடு கிளம்பிய ஏஎன்-32 விமானம் வங்கக் கடலில் மறைந்தது. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி எடுத்த படங்களில், சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதறல்கள் தெரிந்ததாக 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். ஏழரை ஆண்டு. எங்கள் தெருவில் அன்றைக்கு யாரும் சத்தமாகப் பேசவில்லை.

கேள்வி: மோதிய இரண்டு விமானங்கள் ஒட்டிக்கொண்டே தரையிறங்கியதாகக் கேள்விப்பட்டேன். கட்டுக்கதைதானே?
— வாசகர், வில்லிவாக்கம்

பதில்: கட்டுக்கதை போல இருப்பதுதான் அதன் அழகு, நடந்தது. 1940 செப்டம்பர் 29, ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து பிராக்கிள்ஸ்பி. வாகா வாகா அருகிலிருந்த பயிற்சிப் பள்ளியிலிருந்து கிளம்பிய இரண்டு ஆன்சன் விமானங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக மோதிச் சிக்கிக்கொண்டன. மேலே இருந்ததன் இயந்திரங்கள் நின்றுவிட்டன. கீழே இருந்ததன் இயந்திரங்கள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. கீழ் விமானி காயத்தோடு குதித்தார், இரண்டு வழிகாட்டிகளும் குதித்தார்கள். மேல் விமானத்தில் இருந்த லெனார்ட் ஃபுல்லர், தன் இறக்கைத் தகடுகளை அசைத்தால் இரண்டும் சேர்ந்தே திரும்புவதைக் கண்டுகொண்டார். கீழ் விமானத்தின் இயந்திரம், மேல் விமானத்தின் ஸ்டியரிங். எட்டு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போய் ஒரு புல்வெளியில் வயிறு தேயத் தரையிறக்கினார். நான்கு பேரும் பிழைத்தார்கள். மேல் விமானத்தைப் பழுதுபார்த்து மறுபடியும் பறக்கவிட்டார்கள். அந்த ஃபிட்டர்களைத்தான் நான் பார்க்க விரும்புவேன்.

படை என்ன செய்தது? பதவி உயர்வு கொடுத்தது. அனுமதியில்லாமல் பத்திரிகைக்காரர்களிடம் பேசியதற்காகப் பதினான்கு நாள் முகாமை விட்டு வெளியே போகக்கூடாது என்ற தண்டனையும் கொடுத்தது. இதைப் படித்தபோதுதான் முழுவதும் உண்மை என்று எனக்கு நம்பிக்கை வந்தது. ஃபுல்லர் 1944-ல் சைக்கிளில் போகும்போது பஸ் மோதி இறந்தார்.

கேள்வி: போரூரிலிருந்து கிண்டிக்குப் பஸ்ஸில் போகும்போது நந்தம்பாக்கத்தில் வெள்ளைக் கற்கள் வரிசையாக உள்ள கல்லறைத் தோட்டத்தைப் பார்க்கிறேன். உள்ளே போகலாமா? விமானப்படையினரும் அங்கே இருக்கிறார்களா?
— வாசகி, போரூர்

பதில்: போகலாம். பகலில் போங்கள், செருப்புச் சத்தம் அதிகம் இல்லாமல் போங்கள். தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பல ஊர்க் கல்லறைகளில் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகளைப் பராமரிக்க முடியாது என்று இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். மொத்தம் 856. விமானப்படையினரும் இருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லிலும் மேலே படையின் சின்னம், பிறகு படை எண், பதவி, பெயர், தேதி, வயது. அடியில் குடும்பம் கேட்டுக்கொண்ட ஒரு வரி. வயதை மட்டும் படித்துக்கொண்டே ஒரு வரிசை நடந்து பாருங்கள். பத்தொன்பது, இருபத்திரண்டு, இருபத்தொன்று.

ஆராய்ச்சிக்காகப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒரே தேதி பொறித்த கற்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். தோளோடு தோள் சேர்த்து நட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே விமானத்தில் போனவர்கள், பிரித்தெடுக்க முடியாதவர்கள். அதே தேதி நான்கு வரிசை தள்ளி இன்னொரு கல்லில் இருந்தால், அங்கே நின்று யோசியுங்கள். இங்கே கற்கள் பல ஊர்களிலிருந்து வந்தவை என்பதால் இடத்தை மட்டும் நம்பக்கூடாது. தேதியை நம்புங்கள்.

கேள்வி: சோழவரம் பக்கம் எங்கள் நிலத்தில் வரப்பு வெட்டும்போது ஓர் அலுமினியத் தகடு கிடைத்தது. ஆங்கில எழுத்தும் கிரீடம் போன்ற ஒரு முத்திரையும் இருக்கின்றன. போர் விமானத்தின் துண்டாக இருக்குமா?
— விவசாயி, சோழவரம்

பதில்: இருக்கலாம். நீங்கள் கார்ப் பந்தயம் பார்த்த சோழவரம் ஓடுதளம் போர்க் காலத்தில் விமானங்களுக்காகப் போட்டது. கிரீடத்துக்குக் கீழே ‘ஏ’, ‘எம்’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது பிரிட்டிஷ் விமான அமைச்சகத்தின் சொத்து முத்திரை. ஆனால் அந்த முத்திரை விமானத்தில் மட்டுமல்ல, கடிகாரத்திலும் கருவிப் பெட்டியிலும்கூட இருக்கும். ஆகவே தகடு கிடைத்ததால் அங்கே விமானம் விழுந்தது என்று ஊருக்குச் சொல்லிவிடாதீர்கள். யாரோ ஒரு ஃபிட்டர் தொலைத்ததாகவும் இருக்கலாம்; எங்கள் வர்க்கம் நிறையத் தொலைக்கும்.

கம்பித் தூரிகை, புளி, சாம்பல் எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். தண்ணீரில் மண்ணை மட்டும் கழுவி, ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். கிடைத்த இடம் எந்த வரப்பு, எத்தனை அடி ஆழம் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். மறுபடி தோண்டும்போது உருளையாக, தோட்டா போல ஏதாவது தென்பட்டால் கை வைக்காமல் அப்படியே விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். எண்பது ஆண்டு மண்ணில் கிடந்த வெடிமருந்துக்குப் புத்தி பேதலித்திருக்கும்.

முத்திரைக்குப் பக்கத்தில் இலக்கங்கள் இருந்தால் எழுதி அனுப்புங்கள். பாகத்தின் எண்ணைக் கொண்டு எந்த வகை விமானம் என்று சொல்ல முயல்கிறேன். பழைய இரும்புக் கடைக்காரர் கிலோவுக்கு நல்ல விலை சொல்வார், அலுமினியம் வேறு. என் பதில் வரும் வரையாவது அவரைக் காத்திருக்கச் சொல்லுங்கள்.